டில்லியில் அண்ணன் வாசித்த காகிதம்

இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் குப்பத்தாருக்கும் சொல்லிக்கொள்வது. அண்ணன் காலமாகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. வருஷப் பூசை முடிந்ததும் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பது என்று அண்ணியும் நானும் முடிவு செய்தோம். எழுதியதை முதலில் மாதா கோயில் சாமியாரிடம் காட்டினேன். அவர் இரண்டு மூன்று இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, "இதெல்லாம் நினைவு மலரில் வேண்டுமா அம்மா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை. ஆகையால் இதில் உள்ள குற்றம் குறை எல்லாம் என்னுடையவை. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கருவாட்டுக் களம்தான். பூசி மெழுகி எழுத வராது.

அண்ணனைப் பற்றி இரண்டு பேச்சு இருக்கிறது. மீன்பிடிக் குப்பத்தில் பிறந்து, ரேடியோவில் பேசி, டில்லி சட்டசபை வரைக்கும் போன பெரிய மனிதர் என்பது ஒன்று. டில்லிக்குப் போய் உப்பு வரிக்கு ஆதரவாகப் பேசிக் குப்பத்தை விற்றவர் என்பது இன்னொன்று. முதல் பேச்சை வெளியூர்க்காரர்கள் பேசுகிறார்கள். இரண்டாவதை நீங்கள் பேசுகிறீர்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் பாதிதான். மீதியைச் சொல்ல வேண்டியவர் அண்ணன். அவர் சொல்லாமல் போய்விட்டார். நான் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ராயபுரம் கடற்கரையில், நம்முடைய இதே குப்பத்தில். நைனா துறைமுகத்தில் படகு தள்ளியவர். அம்மா கருவாடு போட்டவர். எங்களுக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. நான்காவதாக அண்ணன் பிறந்து அழுதபோது கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டது என்று அம்மா சொல்வார். அந்தத் தொண்டையைப் பார்த்துத்தான் பங்குச் சாமியார் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். பாட்டு வரும் என்று நினைத்தார், பாட்டு வரவில்லை. படிப்பு வந்தது. எதைக் கொடுத்தாலும் அண்ணன் தட்டாமல், தடுமாறாமல், ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கும்படி உரக்கப் படிப்பார். இங்கிலீஷும் அப்படித்தான். பொருள் புரிந்ததா என்பது வேறு.

சண்டைக் காலத்தில் ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளில் குண்டு போட்டுவிட்டுப் போன சமயம் அண்ணன் மேல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ராயபுரம் ஸ்டேஷனில் அடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்களும் நின்றோம். அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. அண்ணன் ஒரு தகரப் பெட்டியின் மேல் ஏறி நின்று படித்தார். ஆபத்து நீங்கிவிட்டது, பயப்படத் தேவையில்லை, அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம் என்று அதில் இருந்தது. அண்ணன் படித்த அழகில் பாதிக் கூட்டம் திரும்பியது. எங்கள் நைனாவும் எங்களை அழைத்துக்கொண்டு திரும்பினார். வழியில் கேட்டார்:

"ஏண்டா, இனிமே குண்டு போட மாட்டான்னு உனுக்கு எப்டிடா தெரியும்?"

"எனுக்குத் தெரியாது நைனா. பேப்பர்ல அப்டி போட்டு கீது."

நைனா நின்றுவிட்டார். "தெரியாத சேதிய அத்தினி கெட்டியா கத்தினியே, பாவி!" என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். குண்டு திரும்ப விழவில்லை. ஆகையால் அண்ணன் சொன்னது பலித்தது என்று ஊரில் பேர் வந்தது.

படிப்பு முடிந்ததும் துறைமுகத்தில் மூட்டை சரிபார்க்கும் குமாஸ்தா வேலை. பதினாறு வருஷம் அந்த வேலையில் இருந்தார். கப்பல் மேல்தட்டில் நின்று அண்ணன் மூட்டையின் குறியைக் கூவினால் கீழே கிடங்குக்குள் இருக்கிறவன் எழுதிக்கொள்வான். இருமல் மருந்துக்குப் போகாத தொண்டை. கலியாணம் ஆனது. குழந்தை இல்லை. அந்த வருத்தத்தை அண்ணனும் அண்ணியும் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. என் கணவர் கடலோடு போனபின் என்னையும் என் மகனையும் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். இதற்கு நான் நன்றி சொல்லி முடியாது.

பெரிய வெள்ளிக்கிழமையன்று நம் கோயிலில் சேசுநாதர் பாடுபட்ட வரலாற்றை வாசிப்பது அண்ணன்தான். ஒரு வருஷம் அதைக் கேட்க ஒரு துரை வந்திருந்தார். நகரத்தில் அப்போதுதான் ரேடியோ தொடங்கி, பூங்காவிலும் கடற்கரையிலும் கம்பம் நட்டு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழில் செய்தி வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணனைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அதோடு மூட்டைக் கணக்கு முடிந்தது.

அந்த வேலையின் முறையை அண்ணன் எனக்குச் சொல்லியிருக்கிறார். அது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். வாசிக்க வேண்டியதை வேறொருவர் எழுதுவார். கடைசி நிமிஷத்தில்தான் கைக்கு வரும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டிருக்கும். பேசலாம் என்பதற்கு அடையாளமாக விளக்கு எரிந்ததும் முதல் வரி வாயில் இருக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எழுதியது பிடிக்காவிட்டாலும் பிடிக்காதது குரலில் தெரியக் கூடாது. "பேப்பர் கைக்கு வந்தா நான் கெடையாது தங்கச்சி. பேப்பர்தான்" என்று பெருமையாகச் சொல்வார். வீட்டில் எங்களைப் போல 'இன்னா', 'கீது' என்று பேசுகிறவர், பூங்காக் கம்பத்திலிருந்து பேசும்போது யாரோ ஒரு மகாராஜா போல இருக்கும். குப்பத்துப் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து கேட்பார்கள். அண்ணன் "வணக்கம்" என்றால் இவர்கள் கம்பத்தைப் பார்த்து, "வணக்கம் நைனா, சோறு துன்னியா?" என்று வீட்டுப் பிள்ளையைக் கேட்பது போலக் கேட்பார்கள்.

புயல் எச்சரிக்கையையும் அண்ணன்தான் வாசிப்பார். ஒரு ஐப்பசியில் வானம் வெளுத்துக் கிடந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று அண்ணன் கம்பத்திலிருந்து சொன்னார். இளவட்டங்கள் சிரித்தார்கள். பெரியவர்கள் கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட வைத்தார்கள். அடுத்த நாள் அடித்த அடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப்பின் அண்ணன் சொன்னால் குப்பம் கேட்கும் என்று ஆயிற்று. நமக்கு அது தெரிந்தது போலவே சர்க்காருக்கும் தெரிந்தது. அங்கேதான் வினை.

டில்லி சட்டசபையில் ஓட்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. சர்க்காரே பார்த்து நியமிக்கிறவர்களும் உண்டு. தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒருவரை நியமிக்க வேண்டும் என்றார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நாலு பேருக்குத் தெரிந்த குரல், வம்பு தும்பு கிடையாது, கொடுத்ததைப் படிப்பவர். அண்ணனைப் பிடித்தார்கள். சேதி வந்த அன்று கோயில் மணி அடித்தீர்கள். வேட்டு விட்டீர்கள். அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனீர்கள். அண்ணனுக்கும் சந்தோஷம். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புதுக் கோட்டு தைத்தார். கண்ணாடி முன் நின்று இங்கிலீஷில் பேசிப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துப் படையெடுப்பு ஆரம்பித்தது. ரயில் பட்டறையில் வேலைக்குச் சிபாரிசு. கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சிபாரிசு. தெருவுக்குக் குழாய். மாதா கோயில் பள்ளிக்கு இடம். மாப்பிள்ளைக்கு மாற்றல். யார் யார் வந்தீர்கள் என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது. அதை அச்சிட வேண்டாம் என்று அண்ணி கெஞ்சியதால் விட்டுவிட்டேன். அண்ணன் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. துரைமாருக்குக் கடிதம் எழுதினார். எழுதியதெல்லாம் நடந்தது. அதில்தான் அவர் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு துரை சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இதுகூடச் செய்யமாட்டோமா?" என்பாராம். வலையில் முதல் கண்ணி மீனுக்குத் தெரியாது. தெரியும்போது செவுள் உள்ளே போயிருக்கும்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் சர்வேசுரன் மன்னிக்கமாட்டார். நானும் கேட்டேன். என் மகனுக்குக் கப்பல் கம்பெனி ஒன்றின் கிடங்கில் வேலை அண்ணன் சிபாரிசில் கிடைத்தது. தற்காலிக வேலை. ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் என்றார்கள். ஒழுங்காக இருக்க வேண்டியது என் மகன் மட்டுமல்ல என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வருஷா வருஷம் பட்ஜெட்டோடு உப்பு வரியும் சட்டசபைக்கு வரும். அந்த வருஷம் வரியைக் குறைக்கச் சொல்லிச் சில பேர் பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததும் களத்துப் பெண்கள் ஒன்றாகக் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ரோசம்மாதான் முன்னால். ரோசம்மாவைத் தெரியாதவர்கள் இங்கே இல்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கட்டுமரங்களுக்குச் சொந்தக்காரி. குரலில் அண்ணனுக்குச் சமம். அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இன்னா நைனா, கோட்டு போட்டுக்கினு டில்லிக்குப் போற. அங்க கேக்கறவனாண்ட ஒண்ணு கேளு. மீனு கடல்ல சும்மா கெடைக்குது. வெயிலு சும்மா அடிக்குது. உப்புக்கு மட்டும் இன்னாத்துக்கு வரி? எங்க ஆத்தாவா அவனுக்குக் கடன்பட்டுச்சு?"

"அப்டியே சொல்ல முடியாது ரோசக்கா" என்றார் அண்ணன்.

"ஏன்? இங்கிலீசுல ஆத்தா இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் உட்கார்ந்து எழுதினார். அவர்கள் சொல்லச் சொல்ல முதலில் தமிழில். உப்புக் குறைவாகப் போட்டால் கருவாடு புழுத்துப்போகிறது. சரியாகப் போட்டால் விற்ற காசு உப்புக்கே போகிறது. மழை மாசத்தில் மீன் மலிந்து கிடக்கும்போது உப்பு வாங்க வழியில்லாமல் மீனைக் குழி தோண்டிப் புதைக்கிறோம். பிள்ளைகள் பசியோடு அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இவ்வளவுதான். பிறகு அதை அண்ணன் இங்கிலீஷில் எழுதினார். ரோசம்மா விடவில்லை. "இங்கிலீசுல படி. இன்னொரு தபா படி." ஒரு எழுத்தும் புரியாமல் மூன்று தரம் கேட்டார்கள். கேட்டு முடித்து, "ம், குழி வெட்டற எடத்துல கொரலு எறங்குது. சரியாத்தான் எழுதிக்கீறே" என்று ரோசம்மா ஒப்புக்கொண்டார். நாற்பத்திரண்டு பெண்கள் அந்தத் தமிழ்க் காகிதத்தின் அடியில் கட்டைவிரல் மை வைத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் இரண்டு காகிதத்தையும் மடித்துக் கோட்டின் உள் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

பத்து நாள் கழித்துக் காப்பிக் கடையில் ஒருவர் பத்திரிகையைப் படித்துச் சொன்னார். சென்னைத் தொழிலாளர் பிரதிநிதி உப்பு வரியை ஆதரித்துப் பேசினார். இந்த வரி ஏழைகளுக்குப் பாரமில்லை என்றும், மீனவர்கள் சர்க்காருக்கு நன்றியுடன் இருக்கிறார்கள் என்றும் கூறினார். அவருடைய கணீரென்ற குரலைச் சபையோர் பாராட்டினார்கள். அச்சுப் பிழை என்று நான் சண்டை போட்டேன். கடைக்காரர் வேறொரு பத்திரிகையை எடுத்துப் போட்டார். அதிலும் அப்படியே இருந்தது.

அண்ணன் திரும்பி வந்த அன்று ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. நான் வீட்டுப் பின்கட்டில் வவ்வால் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து வாசற்படியில் குந்திக்கொண்டார். நான் தலை நிமிரவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"சபைக்குள்ள போறப்போ ஒரு ஆபீசரு வந்தாரு. ரொம்ப மரியாதையா ரெண்டு தாளு குடுத்தாரு. டைப் அடிச்சது. 'உங்களுக்குச் சிரமம் வேணாம்னு எழுதிக் கொணாந்தேன்'னாரு. வாங்கிக்கினேன். வாங்காம எப்டி இருக்கறது? நம்மளத அப்பால எடுத்துப் படிக்கலாம்னு நெனச்சேன். பேரு கூப்ட்டாங்க. எழுந்தேன். கையில அந்தத் தாளுதான் இருந்துச்சு. பெரிய பெரிய எழுத்து. எங்க நிறுத்தணும்னு கோடு வேற போட்டு இருந்துச்சு, ரேடியோவுல போடற மாதிரியே. கண்ணு பட்டுது. மொத வரி வாய்க்கு வந்துட்டுது."

"அப்பால நிறுத்தறது!"

"நடுவுல நிறுத்தி எனுக்குப் பழக்கமில்ல தங்கச்சி."

"நம்ம பேப்பரு?"

"பையிலதான் இருந்துச்சு. ரெண்டாவது பக்கம் திருப்பறப்போ நெஞ்சாண்ட மொரமொரன்னு சத்தம் கேட்டுது. நல்லாக் கேட்டுது. படிச்சிக்கினே இருந்தேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "உன் வாயி யாரு வூட்டு வாயி அண்ணே?"

"பழக்கம்னு சொல்றேன். பயம்னும் வெச்சுக்க. அந்த ஆபீசரு தாளைக் குடுக்கறப்போ, 'உங்க தங்கச்சி மகன் வேலையில நல்லா கீறானா?'ன்னு கேட்டாரு. டில்லியில உக்காந்துக்கினு அவருக்கு எப்டித் தெரியும்னு யோசிச்சிக்கினே எழுந்து நின்னேன்."

இதுதான் நடந்தது. அண்ணன் காசு வாங்கினார் என்று சொன்னீர்களே, ஒரு செப்புக்காசு வாங்கவில்லை. மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். மாட்டிக்கொண்டது குற்றமா என்றால், குற்றம்தான். நாற்பத்திரண்டு கட்டைவிரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தை வாசித்தது குற்றம்தான். என் அண்ணன் என்பதற்காக நான் அதை மறைக்கமாட்டேன்.

அடுத்த மாதம் டில்லி சபை கூடாததால் அண்ணன் பழையபடி ரேடியோவில் வாசிக்கப் போனார். முதல் நாள் மாலை பூங்காவில் அண்ணன் குரல் வந்ததும் பெண்கள் கூடையோடு எழுந்தார்கள். போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. கூடையைத் திருப்பிப் போட்டு, கம்பத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அண்ணன் "வணக்கம்" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரோசம்மா என்னைப் பார்த்து, "ஏண்டி, உங்கண்ணன் உப்பு போட்டுத்தான் சோறு துன்றாரா?" என்று கேட்டார்.

களத்தில் என் இடத்துக்குப் பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. என்னிடம் பேசினார்கள், ஆனால் விலை மட்டும் பேசினார்கள். அண்ணன் தெருவில் போனால் வழி விட்டார்கள். அதுவரை யாரும் அவருக்கு வழி விட்டதில்லை. தோளில் கை போட்டுத்தான் பழக்கம். அந்த மரியாதைதான் அவரைத் தின்றது. வீட்டிலிருந்து ரேடியோவுக்கு, ரேடியோவிலிருந்து வீட்டுக்கு. கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். நம் குப்பத்தில் கடற்கரைப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும் என்றால் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். டில்லிப் பதவியை விட்டுவிடுகிறேன், நான் அன்று சபையில் வாசித்தது என் கருத்தல்ல என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார். எனக்குத் தமிழில் சொன்னார். "இத்த அனுப்பிட்டு, ரோசக்காவாண்ட போயி நிக்கப்போறேன். துப்பினாலும் சரி" என்றார். அவர் முகத்தில் பல நாளுக்குப்பின் ஒரு தெளிவு இருந்தது.

இதுவரை எழுதியது கஷ்டமில்லை. இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம்.

நான் அந்தக் கடிதத்தை அனுப்ப விடவில்லை. என் மகனை நிரந்தரமாக்கும் உத்தரவு வர இரண்டு மாதம் இருந்தது. "ரெண்டு மாசம் பொறு அண்ணே. ஆர்டர் கையில வந்துடட்டும். அப்பால உன் இஷ்டம்" என்றேன். மூன்று மாதமாக அவரைத் திட்டித் தீர்த்தவள் நான். உப்புக்கு வாய் திறக்காதவனே என்று அவர் சோற்றில் உப்பில்லாமல் பரிமாறியவள் நான். கடிதத்தைப் பார்த்ததும் என் வாயிலிருந்து இதுதான் வந்தது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. இவளும் இங்கேதான் இருக்கிறாளா என்பது போலப் பார்த்தார். கடிதத்தை மடித்தார். "சரி" என்றார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், எனக்கு மட்டும் சொல்லிவிடுவாரா?

இரண்டு மாதம் ஆகவில்லை. ஜுரம் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். இருபத்தொரு நாள் அண்ணி கண் மூடவில்லை. ஜுர வேகத்தில் அண்ணன் பிதற்றியது புயல் எச்சரிக்கை, பஞ்சு விலை, ரயில் நேரம். யாரோ எழுதிக் கொடுத்தவை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையாவது அவருடைய சொந்த வார்த்தை வராதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தின நாள் ஜுரம் சற்றுக் குறைந்தபோது, "ஆர்டரு வந்துதா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். "அப்ப அந்த லெட்டர அனுப்பிடு" என்றார். அனுப்புகிறேன் என்று இன்னொரு பொய் சொன்னேன். சாமியார் கையால் கடைசி எண்ணெய், அவஸ்தைப்பூசுதல் பெற்று, மறுநாள் விடியற்காலையில் ஆண்டவரிடம் சேர்ந்தார்.

நம் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை ஒரு மரமும் கடலில் இறங்காது. குழந்தை செத்தாலும் அப்படித்தான், குடிகாரன் செத்தாலும் அப்படித்தான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று மட்டும் பஞ்சாயத்தார் கூடிப் பேசினார்கள். பெரியவர் எங்கள் வாசலில் நின்றே சொன்னார்: "அவரு டில்லிக்காரரு. நம்ம கணக்குல வரமாட்டாரு. போறவன் போவலாம், நிக்கறவன் நிக்கலாம்."

அண்ணன் உடலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மரங்களைத் தள்ளும் சத்தம் கேட்டது. "ஏலேலோ" என்று கூவித் தள்ளுகிறவர்கள் அன்று கூவாமல் தள்ளினார்கள். அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தினி போவுது?" என்று கேட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோபத்தோடு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடலுக்குப் போனவர்களே, உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் மகனும் அன்று வேலைக்குப் போனான். தாய்மாமன் பிணம் வீட்டில் கிடக்க, லீவு கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயந்து கிடங்குக்குப் போனான். கல்லறைத் தோட்டத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தபோது பெட்டி குழிக்குள் இறங்கிவிட்டது. அவனைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவன் இப்போது நிரந்தரம். அந்த ஆர்டரை இன்னும் நான் வாங்கிப் பார்க்கவில்லை. கடிதத்தை அடக்கம் முடிந்த மறுநாள் அனுப்பினேன். செத்தவர் ராஜினாமா செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன? பதில் வரவில்லை.

இனி நன்றி. ஜுரத்தில் தினமும் வந்து பார்த்த டாக்டருக்கு நன்றி. கேட்காமலே வந்து ஜெபம் சொன்ன சாமியாருக்கு நன்றி. குழி தோண்டியவர்களுக்கு, பெட்டி செய்தவருக்கு, மலிவாக அச்சடித்துக் கொடுத்தவருக்கு நன்றி. சிபாரிசு வாங்கிப்போன உறவினர்களில் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்கள் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள், படியுங்கள்.

அன்று மூன்று மரங்கள் கரையில் நின்றன. மூன்றும் ரோசம்மாவுடையவை. நடுப்பகலில் ரோசம்மா வீட்டுக்குள் வந்தார். மாலை கொண்டுவரவில்லை. அழவில்லை. அண்ணன் தலைமாட்டில் நின்று பார்த்தார்.

"உங்கண்ணனுக்காவ நிறுத்துனேன்னு நெனச்சிக்காதடி" என்றார். "கெட்டவனுக்கு ஒண்ணு, நல்லவனுக்கு ஒண்ணுன்னா அது வழக்கமா? பஞ்சாயத்து பேப்பர்ல எழுதிக் குடுத்தாலும் நான் படிக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெட்டி எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று மாலை அவர் வீட்டில் உலை வைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த மூன்று மரங்கள் இழந்த ஒரு நாள் மீன்பாட்டுக்கு, அண்ணன் சார்பில், அவருடைய தங்கை நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.